பேசும் பாடம் நோயாளியின் கட்டில் வரைக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவ மாணவர்களுக்கு நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைத் தனிப் பாடமாகவே வைக்க வேண்டும் என்று சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அப்படி ஒரு பாடமே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அது சரியில்லை. பாடம் 2019-லிருந்தே இருக்கிறது, நோயாளி படுத்திருக்கும் கட்டில் வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். மெடிக்கல் வார்டு, சர்ஜிகல் வார்டு, பிரசவ வார்டு, கேசுவாலிட்டி என்று எல்லா இடத்திலும் வேலை பார்த்திருக்கிறேன், வருடா வருடம் புது ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது படிப்பை முடித்து ஒரு வருடப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள், வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகள் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள், அவளிடமிருந்துதான் இதையெல்லாம் வாங்கிப் படித்தேன். 2018-இல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் ஒரு கையேடு தயாரித்து, அடுத்த வருடம் சேர்ந்த மாணவர்களிலிருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மனப்பான்மை, அறநெறி, பேச்சு மூன்றையும் சேர்த்து மாணவர்கள் அதை ஏட்காம் என்கிறார்கள். மொத்தம் 27 பகுதிகள். டாக்டராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று முதல் வருடத்திலேயே தொடங்குகிறது. அனாட்டமி வகுப்பில் அறுத்துப் படிக்கும் உடல்தான் உங்களுடைய முதல் ஆசிரியர் என்று ஒரு பகுதி, படிக்கும்போதே எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பேசுவதற்கான அடிப்படைகள் என்ற பகுதி படிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தடவை வருகிறது. இதெல்லாம் போக, கல்லூரிக்குள் நுழைந்ததும் நடக்கும் ஃபவுண்டேஷன் கோர்ஸுக்கு 2019 விதிகளில் 175 மணி நேரம் ஒதுக்கி, அதில் 40 மணி நேரத்தை உள்ளூர் மொழி, ஆங்கிலம், கம்ப்யூட்டருக்கு என்று கொடுத்திருந்தார்கள். ஏட்காம் வகுப்பில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றும் விதி இருக்கிறது. இதைப் போட்டவர்கள் நன்றாக யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையே கிடையாது.

நடப்பது என்ன என்று அவளிடம் கேட்டேன். நூற்றைம்பது பேர் உட்காரும் ஹாலில் ஸ்லைடு போட்டு, நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், இடையில் குறுக்கிடக் கூடாது என்று வாசிக்கிறார்கள். பிறகு லாக் புக் என்கிற பயிற்சிப் பதிவேட்டில் என்ன நடந்தது, அதிலிருந்து என்ன புரிந்தது, இனி என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். சீனியர் எழுதியதை வாங்கி நாலு வார்த்தை மாற்றி எழுதிவிடுகிறார்கள், சாரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளியிடம் பேசவே வாய்ப்புக் கிடைக்காதவர்கள், பேசியதைப் பற்றி என்னத்தை எழுதுவார்கள்?

பரீட்சைக்கும் விதி இருக்கிறது. மருத்துவம், அறுவை போன்ற பாடங்களின் எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வியாவது ஏட்காமிலிருந்து வர வேண்டும், பேச்சுத் திறனை பிராக்டிகலிலும் வைவா என்கிற வாய்மொழித் தேர்விலும் சோதிக்க வேண்டும். இதில் எழுத்துக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது, பிராக்டிகலில் சோதிக்க வேண்டும் என்பதுதான் காணாமல் போகிறது. பரீட்சை நாளில் லாங் கேஸ் எடுக்கும், அதாவது ஒரு நோயாளியை முழுதாக விசாரித்துப் பரிசோதிக்கும் மாணவன் நோயாளியிடம் அரை மணி நேரத்துக்கு மேல் பேசுகிறான். அந்த நேரம் எக்ஸாமினர் அங்கே இருப்பதில்லை. கடைசியில் வந்து நின்று, கண்டுபிடித்ததைச் சொல்லு என்பார். எப்படிக் கேட்டான், நோயாளியை உட்காரவைத்துக் கேட்டானா, சட்டையைக் கழற்றச் சொல்லும்முன் திரையை இழுத்துவிட்டானா என்று பார்த்தவர்கள் அந்த வார்டு நர்சும் பக்கத்துப் படுக்கைக்காரரும்தான். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்புறம் ஹவுஸ் சர்ஜன் வருடம். நோயாளியோடு இருபத்து நான்கு மணி நேரமும் பழகக் கிடைக்கும் ஒரே வருடம் அதுதான், அந்த வருடத்தில்தான் பிள்ளைகளின் கவனம் முழுக்க மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில் இருக்கிறது. 200 கேள்வி, 800 மார்க், எல்லாமே நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். வாழ்க்கையே அந்த மார்க்கில் தொங்குகிறது என்னும்போது, நைட் டியூட்டியில் கேஸ் ஷீட்டை முடித்துவிட்டு மொபைலில் கேள்வி பார்க்கிற பிள்ளையை நான் எப்படித் திட்டுவது? மார்க் இருக்கும் பக்கம்தான் படிப்பு போகும். அதனால் பேச்சுக்கும் மார்க் வேண்டும், அந்த மார்க்கை ஒருவர் நேரில் நின்று பார்த்துப் போட வேண்டும்.

மாணவர்கள் பேசக் கற்றுக்கொள்வது ஸ்லைடில் இல்லை, பெரியவர்கள் பேசுவதைப் பார்த்துத்தான். யூனிட்டின் தலைமை டாக்டரான சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது கூடவே பி.ஜி. என்கிற மேற்படிப்பு டாக்டர்கள், ஹவுஸ் சர்ஜன், மாணவர்கள் என்று இருபது பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். "பதினாலாம் பெட், சிரோசிஸ்" என்று தொடங்கி, அந்த மனிதர் படுத்திருக்கும்போதே அவர் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் எல்லாம் ஓடும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைப்பார்கள். ஆனால் சீரியஸ், கேன்சர், ஃபெயிலியர், ரிஸ்க் இதெல்லாம் தெரியாதவர்கள் இன்று தமிழ்நாட்டில் யாரும் இல்லை. அந்த நாலு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடப்பார்கள், காலையில் எங்களிடம் அழுவார்கள். சீஃப் போர்வையை விலக்கும்முன் "அம்மா, வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டுமா" என்று கேட்கிறவராக இருந்தால் அந்த யூனிட்டில் படித்த பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்காத சீஃபிடம் படித்தவர்கள் கேட்பதில்லை. இதை நான் எத்தனையோ யூனிட்டுகளில் கண்ணால் பார்த்தேன். ஆகவே பேராசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்காமல் மாணவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அது நிற்காது. பிரசவ வார்டில் எங்கள் நர்சுகள் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவதை, வசை சொல்வதை பிரசவ அறைகளை மேம்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த லக்‌ஷ்யா திட்டம் 2017-லிருந்தே கூடாது என்கிறது. பல இடங்களில் மாறியிருக்கிறது, எல்லா இடத்திலும் மாறவில்லை.

நல்லபடியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன், எதைக் கற்றுத்தர வேண்டும் என்று அதில் தெளிவாகத் தெரியும். மெடிக்கல் வார்டிலிருந்து ஒரு பாட்டிக்கு டிஸ்சார்ஜ். சுகர் முந்நூறுக்கு மேல் போய் காலில் புண்ணோடு வந்தவர், இன்சுலின் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம். வழக்கமாக அதைக் கையில் கொடுத்து, "காலைல இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னாடி, புரிஞ்சுதா பாட்டி" என்று கேட்பார்கள், பாட்டி "சரிங்க டாக்டரம்மா" என்பார், கேஸ் முடிந்தது. அன்று இருந்த ஹவுஸ் சர்ஜன் பெண் அப்படி விடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாட்டி, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும், வீட்ல எப்படிப் போடுவீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றாள். பாட்டி பாட்டிலைக் கையில் உருட்டினார், ஊசியில் காற்றை இழுத்து உள்ளே தள்ளினார், அளவு பார்த்து மருந்தை எடுத்தார், எல்லாம் சரி. இன்சுலின் பாட்டிலில் 40 என்றும் 100 என்றும் இரண்டு வலிமை இருக்கிறது, 40-க்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி, மாற்றி எடுத்தால் அளவே தப்பிவிடும் என்று அந்தப் பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஃபிரிட்ஜ் இல்லை என்றதும், மண்சட்டியில் தண்ணீர் விட்டு அதற்குள் சின்னச் சொம்பை வைத்து, அதில் மருந்தைப் பத்திரப்படுத்தச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் பாட்டி வாய் திறந்தார். "நூறு நாள் வேலைக்குப் போற அன்னிக்கு ஆறு மணிக்கே கிளம்பணும், கஞ்சி குடிக்கப் பதினொண்ணாயிரும், ஊசியைக் காலைலயே போட்டுட்டுப் போயிரட்டுமா தாயி?"

அந்தக் கேள்வி அன்று வராமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நர்சாக இருந்த எவரும் சொல்லிவிடுவார்கள். ஆறு மணிக்கு ஊசி, பதினோரு மணிவரை வெறும் வயிறு, வெயிலில் மண் வேலை. சுகர் இறங்கி அங்கேயே மயங்கி விழுந்திருப்பார், கேசுவாலிட்டிக்குத் திரும்ப வந்திருப்பார், வராமலும் போயிருக்கலாம். இந்த விஷயம் ரத்தப் பரிசோதனையில் வராது, ஸ்கேனில் தெரியாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, புரிந்ததா என்று கேட்பதற்குப் பதிலாகச் செய்து காட்டச் சொன்னதில் வந்தது. நோயாளிக்கு விளங்கியிருக்கிறதா என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்துப் பார்க்கும் இந்த முறையை உலகம் பூராவும் கற்றுத்தருகிறார்கள், நம் கையேட்டை எழுதியவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்திருப்பது போதாது. ஒரு மாணவர் பத்து நோயாளிகளிடம் செய்து பார்த்து, கூட ஒருவர் நின்று இந்த இடத்தில் நீ அவசரப்பட்டாய் என்று சொன்னால்தான் அது பழக்கமாகும். பெரிய ரத்தக்குழாய்க்குள் சென்ட்ரல் லைன் என்கிற குழாயைப் போடக் கற்றுக்கொடுப்பது அப்படித்தானே?

நேரமில்லை என்பார்கள். உண்மைதான், அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம், பங்களாதேஷில் 48 வினாடி, இந்தியாவில் சுமார் 2 நிமிடம். நம் ஓ.பி.யில் வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும்போது டாக்டரை மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்வது நியாயமில்லை, அதற்கு ஆள் போட வேண்டும், அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் நேரமில்லாத இடத்திலும் ஒன்று செய்யலாம், முதல் ஒரு நிமிடம் குறுக்கே பேசாமல் இருக்கலாம். 1984-இல் அமெரிக்காவில் டாக்டர்கள் பேசுவதைப் பதிவு செய்து பார்த்தபோது சராசரியாக 18 வினாடியில் நோயாளியின் பேச்சை வெட்டியிருக்கிறார்கள். வெட்டாமல் விட்டால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்ற பயம் எல்லா டாக்டருக்கும் உண்டு. அதையும் 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் சோதித்திருக்கிறார்கள். டாக்டர் குறுக்கிடாதபோது நோயாளிகள் தாங்களாகப் பேசி முடித்தது சராசரியாக 92 வினாடியில், பத்துப் பேரில் எட்டுப் பேர் போல இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். நம் ஆட்கள் இன்னும் சீக்கிரமாகவே முடிப்பார்கள் என்பது என் கணிப்பு, டாக்டர் முன்னால் நிற்கப் பயப்படுகிறவர்கள்தானே அதிகம்.

குறுக்கிடுவதால் நோயே தப்பிவிடுகிறது. சுகர் இருக்கிற ஒரு அம்மா வந்து, படபடன்னு வருது, தாடையெல்லாம் உளையுது, ராத்திரி தூக்கமே இல்ல என்று தொடங்குவார். மாணவர் இடைமறித்து "நெஞ்சு வலி இருக்கா?" என்பார். "வலியெல்லாம் இல்லங்க" என்பார் அந்த அம்மா. கேஸ் ஷீட்டில் நெஞ்சு வலி இல்லை என்று ஏறிவிடும், வாயுத்தொல்லை என்று மாத்திரை போகும். சுகர் இருக்கிற பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும் என்று அதே மாணவர் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பார். "என்ன செய்யுதும்மா, சொல்லுங்க" என்று விட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். வெள்ளைப்படுதல், மாதவிடாய், தாம்பத்தியம் பற்றிய கேள்விகளும் இப்படித்தான், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில் வரும்.

மொழிப் பிரச்சினையும் இருக்கிறது, ஆனால் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அகில இந்திய ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம், பி.ஜி. இடங்களில் 50 சதவீதம் போகிறது, அதனால் பிற மாநிலப் பிள்ளைகள் வார்டில் நிறையவே இருக்கிறார்கள். ஆரம்பத்தில் எங்களை வைத்துத்தான் பேசுவார்கள், நாங்கள் இல்லாவிட்டால் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவை வைத்து. ஆனால் அவர்களில் பலர் ஒரு வருடம் போனால் நம் பிள்ளைகளைவிட நன்றாகக் கேட்கிறார்கள். தங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததால் இரண்டு தடவை கேட்கிறார்கள், கையால் தொட்டுக் காட்டச் சொல்கிறார்கள், சரிபார்க்கிறார்கள். தமிழ் தாய்மொழி என்பதால் நம் பிள்ளைகள் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைக்குத் தென்காசிப் பக்கத்துக் கிழவர் "மேலுக்குச் சொகமில்ல, குறுக்கு புடிச்சிருக்கு" என்று சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். தமிழ் தெரிந்த மாணவர்களுக்கும் அந்த மாவட்டத்து நோயாளிகள் பேசும் பேச்சைக் கேட்டுப் பழக நேரம் ஒதுக்க வேண்டும். மாணவர்கள் கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுத்து அடிக்கடி போய்ப் பார்க்கும் திட்டம் ஒன்றை, பழைய மருத்துவக் கவுன்சில் இடத்தில் இப்போது இருக்கும் தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) கொண்டுவந்திருக்கிறது. நல்ல திட்டம், ரத்த அழுத்தம் பார்த்து ஃபாரம் நிரப்பிவிட்டு பஸ் ஏறாமல் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அதைவிடப் பெரிய வகுப்பு கிடையாது.

கெட்ட செய்தி சொல்வதைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. புற்றுநோய் மருத்துவர்கள் 2000-இல் ஆறு படிகளாக ஒரு முறையை எழுதிவைத்தார்கள், ஸ்பைக்ஸ் என்று எல்லாக் கல்லூரியிலும் சொல்லித்தருகிறார்கள். தனியிடத்தில் உட்கார், அவருக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், பிறகு சொல், அழுதால் இடம் கொடு, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசு. மனப்பாடமாகச் சொல்கிறார்கள் பிள்ளைகள். நம் ஊரில் சிக்கல் அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. ரிப்போர்ட் வந்ததும் மகன் ஓடிவந்து, "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு, புண்ணுன்னே சொல்லுங்க" என்பார். அவர் கெட்டவரில்லை, பாசத்தில்தான் கேட்கிறார். மாணவர் என்ன செய்வார்? சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்கப்புறம் அந்தக் கட்டில் பக்கமே போகாமல் இருப்பார். பொய் சொல்லவும் முடியாது, உண்மை சொல்லவும் முடியாது.

அப்படி ஒரு பெரியவர் எங்கள் வார்டில் இருந்தார். உணவுக்குழாயில் கேன்சர், முற்றிய நிலை. நான் நைட் டியூட்டியில் மருந்து கொடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், எல்லாரும் எங்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாங்க, வெளிய போய் அழுவுறாங்க. எனக்கு என்னன்னு நீங்களாச்சும் சொல்லுங்க." அதை நான் சொல்லக் கூடாது. டியூட்டி பி.ஜி.யைக் கூப்பிட்டேன், இரண்டாம் வருடம் படிக்கும் பெண். அவள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்டது, "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" அவர் கேன்சர்தானே என்றார். அடுத்து, "எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லணுமா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது சொன்னாப் போதுமா?" அவர் சொன்னார், "எங்கிட்டச் சொல்லும்மா. ரெண்டு பசங்களுக்கும் நிலத்தைப் பிரிச்சு எழுதணும், நான் போனப்புறம் அடிச்சுக்கிருவானுங்க. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடந்து போற தெம்பு எவ்வளவு நாளைக்கு இருக்கும்னு மட்டும் சொல்லு." மறுநாள் காலையில் அந்தப் பெண்ணே மகன்களைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவரே கேட்டார், இனி நீங்கள் மறைக்க வேண்டியதில்லை என்று பொறுமையாகப் பேசினாள். பெரியவன் முதலில் கோபப்பட்டார், அப்புறம் அப்பாவிடம் போய் உட்கார்ந்தார்.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டேன். அவளுடைய சீஃப் இந்த மாதிரி பேச்சுகளுக்கெல்லாம் தன்னோடு ஒரு பி.ஜி.யையாவது கூட்டிக்கொண்டு போவார், முதலில் பார்க்கவைப்பார், அடுத்த தடவை பேசச் சொல்லித் தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வெளியே வந்ததும் எது சரி, எது தப்பு என்று சொல்வார். ஸ்லைடு எதுவும் கிடையாது. நான் இத்தனை எழுதிக் கேட்பதும் இதைத்தான்.

இறந்த செய்தியைச் சொல்வது இன்னும் மோசம். கேசுவாலிட்டி வராந்தாவில், டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, வேலைக்கு வந்து சில வாரமே ஆன ஹவுஸ் சர்ஜன் "எக்ஸ்பயர் ஆயிட்டாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். சொந்தக்காரர்களுக்கு ஒரு நிமிடம் விளங்காது, விளங்கியதும் கத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கும் இருபத்துமூன்று வயதுதான், கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையை அங்கே இருப்பவர்களிலேயே சின்னவரிடம் தள்ளிவிடுவது கொடுமை. சீனியர் ஒருவர் கூட நிற்க வேண்டும், டியூட்டி ரூமிலாவது இரண்டு நாற்காலி போட வேண்டும், இறந்துவிட்டார் என்று தெளிவான தமிழில் சொல்ல வேண்டும். இதற்குப் பணம் கூட வேண்டியதில்லை.

மருத்துவமனைகளில் நடக்கும் தாக்குதல்களையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். எந்தப் பேச்சுக் குறையும் கத்தியை நியாயப்படுத்தாது. 2008-லிருந்து மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, அதை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். அது தனி. ஆனால் நான் பார்த்த சண்டைகளில் பல, உள்ளே என்ன நடக்கிறது என்று மூன்று நான்கு மணி நேரம் யாருமே வெளியே வந்து சொல்லாமல் இருந்ததில் மூண்டவை. மணிக்கு ஒரு தடவை ஒருவர் வந்து, இன்னும் தியேட்டரில்தான் இருக்கிறார், ரத்தம் ஏறுகிறது என்று சொன்னால் போதும், பாதி சூடு தணிந்துவிடும்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவதும் பேச்சுப் பாடம்தான். "இங்க ஒரு கையெழுத்து" என்று ஃபாரத்தை நீட்டுவதோடு அது முடிகிறது. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்திருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதம் ஆகாது, என்ன செய்யப்போகிறோம், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்று நோயாளியிடமே விளக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் கையெழுத்து வாங்கும் வேலை என்ன ஆபரேஷன் என்றே முழுதாகத் தெரியாத ஹவுஸ் சர்ஜனிடம்தான் இருக்கிறது.

சரி, எப்படிச் சோதிப்பது என்பதற்கும் வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1963-இல் கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், பயிற்சி கொடுத்த ஒருவரை நோயாளி போல நடிக்கவைத்து மாணவர்களைச் சோதித்தார். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தில் ரொனால்ட் ஹார்டன் மாணவர்கள் வரிசையாக ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொரு வேலை செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வைக் கொண்டுவந்தார். ஆஸ்கி நம் கல்லூரிகளிலும் நடக்கிறது. அதில் ஒரே ஒரு மேசையில், தமிழில் மட்டும் பேசும் ஒருவரை உட்காரவைத்து, இன்சுலின் எப்படிப் போடுவது என்று விளக்கச் சொல்லுங்கள், அல்லது ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் எக்ஸாமினர் உட்கார்ந்து பார்க்கட்டும். நோயாளியாக நடித்தவருக்கும் கொஞ்சம் மார்க் போடும் உரிமை வேண்டும், தனக்குப் புரிந்ததா இல்லையா என்று அவருக்குத்தான் தெரியும். ஹவுஸ் சர்ஜன் ஒரு வார்டை முடித்துப் போகும்போது யூனிட் சீஃப் கையெழுத்தோடு வார்டு நர்ஸின் குறிப்பும் லாக் புக்கில் இருக்கட்டும். இதை மாணவர்களைப் பழிவாங்க நர்சுகள் பயன்படுத்துவார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடமே சொன்னார். அந்தப் பயம் இருந்தால் மார்க் வேண்டாம், குறிப்பு மட்டும் எழுதட்டும், மாணவரும் படித்துப் பதில் எழுதட்டும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதற்கு டெல்லியிலிருந்து புது உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பிராக்டிகலில் சோதிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. எல்லாக் கல்லூரியிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. விருப்பமுள்ள ஒரு கல்லூரி, ஒரு மெடிசின் யூனிட், ஒரு வருடம் நடத்திப் பார்க்கட்டும். நடிக்க ஆள் எங்கே என்று கேட்டால், ஓய்வு பெற்ற நர்சுகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். நோயாளி எப்படி உட்காருவார், எதை மறைப்பார், எந்த இடத்தில் புரியாமல் தலையாட்டுவார் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பக்கத்தில் மட்டும் என்னோடு வேலை பார்த்த ஏழெட்டுப் பேர் வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள், சம்பளம் வேண்டாம், பரீட்சை நாளை முன்கூட்டிச் சொன்னால் போதும். எந்தக் கல்லூரியாவது கேட்டால் என் முகவரியை உங்கள் அலுவலகத்திலிருந்து கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
திருநெல்வேலி மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம்)